தங்கம் தேடிப் போனவர்களின் கதைகளை ரேடியோவில் எப்படி வாசிப்பது?

கல்லூரிச் சமுதாய வானொலி ஒன்றில் இரவு ஒன்பதரைக்கு, வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிட வாசிப்பு நேரம் கிடைத்திருக்கிறது. கலிபோர்னியா, கனடாவின் க்ளோண்டைக் பக்கத்துப் பழைய தங்க வேட்டைக் கதைகளைத் தமிழில் வாசிக்க ஆசை. எதில் தொடங்கலாம், நாடகமாகப் போடலாமா ஒரே குரலில் வாசிக்கலாமா, அமெரிக்க ரேடியோவில் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள், காப்புரிமைச் சிக்கல் வருமா, இதையெல்லாம் இங்கே யார் கேட்பார்கள்? இவைதான் கேள்விகள். வாசிப்பு நிகழ்ச்சிகளோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

யார் கேட்பார்கள் என்ற கவலையை முதலில் விடுங்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெயர்கள். பாலைவனம், குதிரை, துப்பாக்கி, சலூன் எல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது. காதுக்குத்தான் இன்னும் வரவில்லை. காதுக்கு வரும்போது வேறு விஷயங்கள் மேலே வரும்: குளிர், பசி, காத்திருப்பு, கூட வந்தவன் மேல் வைத்த நம்பிக்கை. துப்பாக்கிச் சண்டை படத்தில் அழகு. ஒலியில் அது நான்கு வெடிச்சத்தம், அவ்வளவுதான். அதனால் கதை தேர்ந்தெடுக்கும்போது யார் யாரைச் சுட்டார் என்பதைப் பார்க்காதீர்கள். யார் எங்கே மாட்டிக்கொண்டு என்ன செய்தார் என்று பாருங்கள்.

நாடகமா, ஒரே குரலா என்பதில் என் கருத்து திட்டவட்டமானது: ஒரே குரல். அதற்குக் காரணம் இந்தக் கதைகள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

கலிபோர்னியாவில் அமெரிக்கன் ஆற்றங்கரையில், கொலோமா என்ற இடத்தில், சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் வாய்க்காலில் தங்கத் துணுக்குகளைக் கண்டது 1848 ஜனவரி 24ஆம் தேதி. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பிரெட் ஹார்ட் தன் புகழ்பெற்ற சுரங்க முகாம் கதைகளை எழுதியது 1868இலிருந்து. அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. வடக்கே, க்ளோண்டைக் இருக்கும் யூகானிலும் இதே கதைதான். அங்கே தங்கம் கிடைத்தது 1896 ஆகஸ்டில். அதைப் பாட்டாகப் பாடி உலகப் புகழ் பெற்ற ராபர்ட் சர்வீஸ் அந்தப் பக்கம் வந்ததே 1904இல், அதுவும் வங்கிக் குமாஸ்தாவாக. தங்கம் தேடியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் சொன்னதைத்தான் அவர் கேட்டார். அதாவது இந்தக் கதைகள் அச்சில் வந்த நாளிலேயே பழங்கதைகள். எல்லாம் முடிந்தபின், தப்பி வந்த ஒருவர் அடுப்போரம் உட்கார்ந்து சொல்லும் தொனி அவற்றுக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆறு பேர் ஆளுக்கொரு குரலில் பேசி நடித்தால் அந்தத் தொனி காணாமல் போய்விடும்.

மார்க் ட்வைனின் தவளைக் கதை எப்படி வந்தது என்று பாருங்கள். 1864 கடைசியில் அவர் சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பி, ஜாக்காஸ் ஹில் என்ற இடத்தில் சுரங்கக்காரர்களின் மரக்குடிலில் வந்து தங்கினார். பக்கத்தில் ஏஞ்சல்ஸ் கேம்ப் என்ற ஊர். குளிர்கால மழை விடவில்லை, வேலை நடக்கவில்லை. ஊர் விடுதியில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பந்தயத் தவளையைப் பற்றி ஒரு கதை சொன்னார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், ஊர் வரலாறு சொல்வதுபோல் சொன்னார். அதை ட்வைன் எழுதி, 1865 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் 'சாட்டர்டே பிரஸ்' இதழில் வந்ததும் அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது. கதைக்குள்ளேயும் சைமன் வீலர் என்ற கிழவர் அப்படித்தான் சொல்கிறார். ஒருமுறைகூடப் புன்னகைப்பதில்லை, குரலை ஏற்றி இறக்குவதில்லை. எதைக் கண்டாலும் பந்தயம் கட்டும் ஜிம் ஸ்மைலி, அவன் பழக்கிய தவளை, அசந்த நேரத்தில் அதன் வாய்க்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு நிரப்பிவிடும் வழிப்போக்கன், எல்லாரையும் ஒரே மரியாதையோடு விவரிக்கிறார். 1895இல் கதை சொல்லும் கலை பற்றி ட்வைன் எழுதிய கட்டுரையிலும் இதைத்தான் வற்புறுத்துகிறார்: சிரிப்புக் கதையைச் சொல்பவனுக்கு அதில் சிரிக்க ஏதாவது இருப்பதாகவே தெரியக்கூடாது. இன்னொன்றையும் சேர்க்கிறார். நிறுத்தம் சரியான நீளத்தில் விழவேண்டும். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் போச்சு.

உங்கள் வாசிப்பாளருக்கு முதல் பயிற்சியாக இந்தக் கதையைக் கொடுங்கள். கல்லூரி மேடையில் பேசிப் பழகிய பிள்ளைகள் சிரிப்பு வரும் இடத்தில் தாங்களே முன்கூட்டிச் சிரித்துவிடுவார்கள். அது போகிறவரை ரெக்கார்டிங் பக்கம் அழைத்து வராதீர்கள்.

பிரெட் ஹார்ட்டிடம் உங்களுக்கு இன்னும் நேரான பாடம் இருக்கிறது. அவருடைய போக்கர் ஃப்ளாட் கதை 1869 ஜனவரியில் 'ஓவர்லேண்ட் மந்த்லி' இதழில் வந்தது. திடீரென்று ஒழுக்கம் பேசத் தொடங்கிய ஒரு சுரங்க ஊர், வேண்டாதவர்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது. ஓக்ஹர்ஸ்ட் என்ற சூதாடி, இரண்டு பெண்கள், ஒரு குடிகாரன். மலைவழியில் ஓர் இளம் ஜோடி இவர்களோடு சேர்ந்துகொள்கிறது. குடிகாரன் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். பனி கொட்டி வழி அடைபடுகிறது. இடிந்த குடிசைக்குள் இருக்கும் கொஞ்ச உணவோடு நாட்களைத் தள்ளவேண்டும். அப்போது அந்த இளைஞன் டாம் என்ன செய்கிறான் தெரியுமா? ஹோமரின் இலியட் காவியத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறான். அலெக்சாண்டர் போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை எப்போதோ படித்திருக்கிறான். கதை முழுக்க மனதில் நிற்கிறது, வரிகள் மறந்துபோய்விட்டன. அதனால் தன் ஊர்ப் பேச்சிலேயே டிராய்ப் போரைச் சொல்கிறான். அக்கிலீஸின் பெயர் அவன் வாயில் சிதைந்துதான் வருகிறது. ஆனாலும் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் சூதாடி அந்த வீரனுக்கு என்ன ஆயிற்று என்று உன்னிப்பாகக் கேட்கிறான்.

இதைவிட நல்ல வழிகாட்டி உங்களுக்குக் கிடைக்காது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே தூக்கித் தமிழில் வைத்தால் மைக் முன்னால் நாக்கு சிக்கும். கதையைக் கரைத்துக் குடித்துவிட்டு, டாம் செய்ததுபோல் உங்கள் வாயில் வரும் தமிழில் எழுதுங்கள். ஆனால் ஒரு எல்லை வேண்டும். சுரங்கக்காரரைக் கோவைத் தமிழோ நெல்லைத் தமிழோ பேச வைத்துவிட்டால் கேட்பவர் மனம் சியரா நெவாடா மலையை விட்டு இறங்கி இங்கே வந்துவிடும். எந்த வட்டாரத்தையும் நினைவூட்டாத எளிய பேச்சுத்தமிழ் போதும்.

ஹார்ட் 1870இல் எழுதிய ஒரு கவிதையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் இறந்த செய்தி கேட்டு எழுதியது. மலைமேல் முகாம், தீயைச் சுற்றிக் களைத்துப்போன சுரங்கக்காரர்கள். ஒருவன் மூட்டையிலிருந்து டிக்கன்ஸின் புத்தகம் எடுத்து லிட்டில் நெல் என்ற சிறுமியின் கதையை வாசிக்கிறான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். நிகழ்ச்சியின் முதல் நாள் அறிமுகத்துக்கு இந்தக் காட்சியே போதும்.

சரி, ரேடியோவுக்கு வருவோம்.

அமெரிக்காவில் இந்தக் கதைகளுக்கு ரேடியோ இரண்டு வழி போட்டது. ஒன்று 'டெத் வேலி டேஸ்'. 1930 செப்டம்பர் 30ஆம் தேதி தொடங்கியது. போராக்ஸ் என்ற சலவைக் கார உப்பு விற்ற நிறுவனம்தான் விளம்பரதாரர். 1880களில் இருபது மிருகங்கள் பூட்டிய வண்டிகளில் கலிபோர்னியாவின் டெத் வேலி பள்ளத்தாக்கிலிருந்து மொஹாவி ரயிலடி வரை 165 மைல் போராக்ஸ் ஏற்றிப் போனதை அது தன் அடையாளமாகவே வைத்திருந்தது. கதைகளை எழுதியவர் ரூத் கார்ன்வால் உட்மன், நியூயார்க்கில் விளம்பரத் துறையில் எழுதிக்கொண்டிருந்த பெண். மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதித் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆண்டுதோறும் பாலைவனத்துக்குப் போனார். பாழடைந்த சுரங்க ஊர்களில் மிஞ்சியிருந்த கிழவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டார், பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். நிகழ்ச்சியில் நாடகக் காட்சிகள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் 'ஓல்ட் ரேஞ்சர்' என்ற ஒரு கிழவரின் குரல் கையைப் பிடித்து அழைத்துப் போனது. தொடக்கத்தில் ஒரு எக்காள ஒலி, பிறகு அவர் குரல். பதினைந்து ஆண்டுகள் போல அது ரேடியோவில் ஓடியது, பின்பு தொலைக்காட்சிக்கும் போனது. இது ஒருமுறை நடந்தது, நடந்த இடத்தைப் பார்த்தவர் சொல்கிறார் என்ற நம்பிக்கைதான் அதன் பலம்.

இன்னொரு வழி டெட்ராய்ட் நகரத்து டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட் நிலையத்தின் வழி. 1933இல் 'லோன் ரேஞ்சர்' தொடரைத் தொடங்கியவர்கள் 1938இல் யூகான் பின்னணியில் சார்ஜண்ட் பிரெஸ்டன் தொடரையும் கொண்டுவந்தார்கள். தங்க வேட்டைக் காலம், சிவப்புச் சட்டைப் போலீஸ்காரர், கிங் என்ற வீரநாய். நாய் குரைப்பதும் ஸ்டுடியோவில் மனிதர்கள் போட்ட குரல்தான். வாரம் தவறாமல் குற்றவாளி பிடிபடுவான், வழக்கு முடியும். குழந்தைகள் மயங்கிக் கேட்டார்கள். 1955இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் தானியப் பெட்டிக்குள் யூகானில் ஒரு சதுர அங்குல நிலத்துக்குப் பத்திரம் வைத்து விற்றது. இரண்டு கோடியே பத்து லட்சம் பத்திரங்கள். யூகானின் டாசன் நகரத்துக்கு அருகே 19 ஏக்கர் சொச்சம் நிலம் உண்மையாகவே வாங்கியிருந்தார்கள். 37 டாலர் 20 சென்ட் வரி பாக்கிக்காக 1965இல் கனடா அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்து, என் நிலம் எங்கே என்று பெரியவர்களான பின்னும் கடிதம் எழுதியவர்கள் உண்டு. ஒரு நிகழ்ச்சி குழந்தை மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது முதல் வழிதான். பிரெஸ்டன் தொடரில் யூகான் வெறும் திரைச்சீலை. உட்மன் எழுதியதில் அந்த நிலம்தான் கதை.

இப்போது எதில் தொடங்குவது. ஜாக் லண்டனின் தீ மூட்டும் கதை. தயங்கவே வேண்டாம்.

லண்டன் 1897இல் இருபத்தொரு வயதில் க்ளோண்டைக் போனார். சில்கூட் கணவாய் ஏறினார். அந்தக் கணவாயில் ஓராண்டுக்கான உணவும் சாமானும் இல்லாதவர்களைக் கனடாப் போலீஸ் உள்ளே விடவில்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையை ஒவ்வொருவரும் பகுதி பகுதியாக, ஏறி இறங்கி, மறுபடி ஏறிச் சுமந்தார்கள். ஒரு குளிர்காலம் அங்கே கழித்தார், ஸ்கர்வி நோய் வந்து 1898இல் திரும்பினார். தங்கம் கிடைக்கவில்லை. இந்தக் கதையை அவர் இரண்டு முறை எழுதினார். 1902இல் சிறுவர் இதழுக்கு எழுதியதில் நாயகனுக்குப் பெயர் இருக்கிறது, அவன் பிழைத்துவிடுகிறான். 1908இல் எழுதியதில் பெயரை எடுத்துவிட்டார், ஒரு நாயைச் சேர்த்தார், அவன் பிழைப்பதில்லை. நீங்கள் வாசிக்க வேண்டியது 1908 கதை. ஒரு மனிதன், ஒரு நாய், வேறு யாரும் இல்லை. ரேடியோவுக்கு இது பெரிய வரம். யார் பேசுகிறார் என்று கேட்பவர் ஒரு கணமும் குழம்பமாட்டார்.

மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருப்பவருக்கு அந்தக் குளிர் எப்படிப் புரியும் என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? லண்டன் அதை ஒரு எச்சிலில் சொல்லிவிடுகிறார். அவன் துப்பிப் பார்க்கிறான். பாரன்ஹீட் கணக்கில் சுழியத்துக்கு ஐம்பது கீழே போனால் எச்சில் பனியில் விழுந்ததும் படீரென்று வெடிக்கும், அது அவனுக்குத் தெரியும். இங்கே தரையில் விழுமுன் காற்றிலேயே வெடிக்கிறது. அப்படியானால் ஐம்பதையும் தாண்டிய குளிர். உண்மையில் எழுபத்தைந்து கீழே, நம் செல்சியஸ் கணக்கில் மைனஸ் ஐம்பத்தொன்பது. எண்ணைச் சொல்லிக் கேட்பவரை மலைக்க வைக்க வேண்டாம். முதலில் எச்சில், பிறகு ஒரு மூச்சு இடைவெளி, பிறகு எண். கதையில் இருக்கும் வரிசையும் அதுதான், மாற்றிவிடாதீர்கள்.

அடுத்து அந்தத் தீ. பனிக்கு அடியில் மறைந்திருந்த நீரில் அவன் கால் முழங்காலுக்குப் பாதிவரை நனைந்துவிடுகிறது. உடனே தீ மூட்டிக் காலைக் காயவைக்காவிட்டால் சாவுதான். மூட்டிவிடுகிறான், தீ நன்றாகப் பிடிக்கிறது. இந்தக் குளிரில் தனியாகப் போகாதே என்று எச்சரித்த கிழவரை நினைத்துச் சிரித்துக்கொள்கிறான். காலணிக் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுக்கிறான். அதற்குள் அது நடந்துவிடுகிறது. சுள்ளி இழுக்க வசதி என்று ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில் தீ மூட்டியிருக்கிறான். ஒவ்வொரு சுள்ளியை இழுத்தபோதும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக அதிர்ந்திருக்கிறது. உச்சிக் கிளை ஒன்று தன் பனிச்சுமையைக் கீழ்க்கிளையில் கொட்ட, அது அடுத்ததில் கொட்ட, மொத்தமும் சரிந்து தீயின் மேல் விழுகிறது.

இந்த இடத்தில் நம் வாசிப்பாளர்கள் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த பழக்கம். வேண்டாம். "அது நடந்தது" என்பதைத் தட்டையாகச் சொல்லுங்கள். இரண்டு விநாடி நிறுத்துங்கள். பிறகு சுள்ளி, மரம், கிளை, பனி என்று காரணத்தை அதே நிதானத்தில் அடுக்குங்கள். கேட்பவர் ஒவ்வொரு கிளையாகப் பனி இறங்குவதைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுங்கள். தீ அணைந்தது என்ற வரியில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. பின்னால், விறைத்துப்போன விரல்களால் தீக்குச்சி எடுக்க முடியாமல், எழுபது குச்சிகளையும் ஒன்றாகப் பற்றவைத்து உள்ளங்கை ஓரங்களுக்கு நடுவே பிடிக்கிறான். தன் தசை கருகும் வாசனைதான் அவனுக்கு முதலில் தெரிகிறது. அங்கே குரல் இன்னும் தணியலாம்.

நேரக் கணக்கு: பதினைந்து நிமிடத்தில் தலைப்பு இசை, முன்கதை, முடிவறிவிப்பு போகப் பன்னிரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமான தமிழ் வாசிப்புக்கு அது சுமார் 1,200 சொற்கள். நாய் தன் பாதத்து விரலிடுக்கில் உறைந்த பனியைக் கடித்தெடுக்கும் இடத்தில் முதல் நாள் முடியட்டும். அவனே நீரில் கால் பதிக்கும் இடத்தில் இரண்டாம் நாள். தீ அணையும் இடத்தில் மூன்றாம் நாள். கடைசிப் பகுதி பன்னிரண்டு நிமிடத்தில் அடங்காது. அதை வெட்டவோ இரண்டு நாளாக்கவோ வேண்டாம், நிலையத்தில் கேட்டு ஒருநாள் அரைமணி வாங்கிக்கொள்ளுங்கள். முன்கதைச் சுருக்கம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது.

கேட்பவர்கள் லண்டனை விரும்பினால், பக் என்ற நாயின் கதையைத் தொடராக எடுக்கலாம். பெ. தூரன் அதைக் 'கானகத்தின் குரல்' என்று தமிழில் தந்திருக்கிறார்.

சர்வீஸின் பாட்டுக்கதைகள் வேறு ரகம். டென்னஸியிலிருந்து வந்து குளிரில் செத்த சாம் மெக்கீ, தன் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று நண்பனிடம் வாங்கிய சத்தியம், உறைந்த ஏரியில் சிக்கிய படகின் கொதிகலனில் நடந்த தகனம், கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்து சூடு காய்ந்துகொண்டு கதவை மூடு என்று சொல்லும் சாம். அந்தப் பெயர்கூட சர்வீஸ் வேலை பார்த்த வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒருவருடையது. 1907இல் வந்தது. கனடாவில் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் உயிர் வரிக்குள்ளேயே அடிக்கும் எதுகையில் இருக்கிறது. உரைநடையில் பெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. உங்களில் யாருக்காவது சிந்து எழுத வருமா? வில்லுப்பாட்டு ஓட்டம் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் முயலுங்கள், இது அதற்கென்றே அமைந்த கதை. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்கா, கனடாவோடு நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியத் தங்க வயலில் பிறந்தவர் ஹென்றி லாசன். மீன் பிடிப்பதற்கென்று மூன்று சுரங்கக்காரர்கள் வெடிகுண்டு செய்ய, அவர்கள் வளர்க்கும் நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு, திரி எரிய எரிய, அவர்களையே பாசத்தோடு துரத்தும் கதை ஒன்று 1901இல் எழுதினார். குழந்தைகள் கேட்கும் நேரத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. லாசனுக்குச் சிறுவயதிலேயே காது கேட்காமல் போனது. அவர் எழுத்து காதுக்கு இவ்வளவு இனிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பெண் குரலுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. லூயிஸ் கிளாப் என்ற மருத்துவர் மனைவி, கலிபோர்னியாவின் ஃபெதர் ஆற்றங்கரைச் சுரங்க முகாம்களிலிருந்து 1851, 52இல் தன் தங்கைக்கு எழுதிய இருபத்துமூன்று கடிதங்கள், 'டேம் ஷெர்லி' என்ற புனைபெயரில் வெளிவந்தன. ஆண்கள் எழுதிய கதைகளில் வராத சமையலும் சுவரில் ஒட்டிய துணியும் ஊர்க்கூட்டம் கூடித் தூக்கிலிட்டதும் அவற்றில் இருக்கின்றன. கடிதம் என்பதே ஒருவர் காதில் சொல்வதுதான், மைக்குக்கு அப்படியே பொருந்தும்.

இனி இந்தக் கதைகள் சொல்லாமல் விட்டது. இதைக் கடந்து போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1848இல் கலிபோர்னியாவில் பூர்வகுடி மக்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1870இல் சுமார் முப்பதாயிரம். நோய், பசி, கொலை. வெளிநாட்டுச் சுரங்கக்காரர் மீது 1850இல் மாதம் இருபது டாலர் வரி போட்டார்கள், 1852இல் வந்த வரி முக்கியமாகச் சீனர்கள் தலையில் விழுந்தது. கதைகளில் சீனர்களையும் பூர்வகுடியினரையும் குறிக்கும் இழிசொற்கள் சாதாரணமாக வரும். அச்சில் அதை அந்தக் காலத்து ஆவணம் என்று விடலாம். வாசிப்பவர் வாயிலிருந்து இரவு ஒன்பதரைக்கு வரும்போது அது இன்றைய சொல். தமிழில் சீனர், பூர்வகுடியினர் என்றே சொல்லுங்கள். ஹார்ட் அதே 1870இல் சீனர் ஒருவரோடு ஆடும் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதிய வேறொரு கவிதையைத் தொடவே வேண்டாம். சீனரை ஏமாற்றப் பார்த்த வெள்ளையரைக் கிண்டல் செய்து அவர் எழுதினார். படித்தவர்கள் அதைச் சீனருக்கு எதிரான பாட்டாகவே எடுத்துக்கொண்டு பரப்பினார்கள். அச்சிலேயே தவறிப்போன கிண்டல், குரலில் இன்னும் எளிதாகத் தவறும்.

க்ளோண்டைக் தங்கத்தை 1896இல் கண்ட குழுவில் ஸ்கூக்கும் ஜிம் என்ற கெய்ஷும் டாசன் சார்லியும் டாகிஷ் பூர்வகுடியினர். க்ளோண்டைக் ஆற்று முகத்தில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துவந்த ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள் இடம் பெயர வேண்டியதாயிற்று. கூட்டமாக வந்த அந்நியர்களைப் பார்த்த அவர்களின் தலைவர் ஐசக், தம் மக்களின் பாடல்களையும் நடனங்களையும் அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் ஒப்படைத்தார், அழியாமல் காத்து வைக்கச் சொல்லி. நெடுங்காலம் கழித்து அந்த மக்கள் தங்கள் பாடல்களை அங்கிருந்து மீட்டுக்கொண்டார்கள். 2023இல் அந்த நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் தொடரில் ஒருநாள் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். லண்டன் கதைக்கும் ஹார்ட் கதைக்கும் நடுவில் வைத்தால், கேட்பவர் அடுத்த கதையை வேறு காதோடு கேட்பார்.

ஒலிச் சேர்க்கை பற்றிச் சுருக்கமாக. பழைய ரேடியோக்காரர்கள் குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்கச்சியைத்தான் தட்டினார்கள், பனியில் நடக்கும் சத்தத்துக்குத் தோல்பையில் சோளமாவை நிரப்பிப் பிசைந்தார்கள், தீக்குச் செலோஃபேன் தாளைக் கசக்கினார்கள். மூன்றும் உங்கள் ஸ்டுடியோவிலேயே செய்யக்கூடியவை, இணையத்தில் கிடைக்கும் ஒலிக் கோப்புகளைவிட மைக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு சத்தம் போதும், அதுவும் வாசிப்பு தொடங்குமுன். வாசிப்புக்கு அடியில் காற்றுச் சத்தத்தை ஓடவிடாதீர்கள். 1952 முதல் 1961 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரை ஒரே ஒரு பகுதி கேட்டுப் பாருங்கள். மரப்பலகையில் நடக்கும் காலடி, பிறகு ஒன்றுமே இல்லாத சில விநாடிகள். அந்த நடிகர்கள் அவசரப்படவே இல்லை.

காப்புரிமை. இந்தியாவில் எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு கடந்தால் படைப்பு பொதுச்சொத்து. ஹார்ட் 1902இல், ட்வைன் 1910இல், லண்டன் 1916இல், லாசன் 1922இல் இறந்தவர்கள். சிக்கலே இல்லை. சர்வீஸ் 1958இல் இறந்தார், 2019 முதல் இங்கே அவரும் சுதந்திரம். இலங்கையில் எழுபது ஆண்டுக் கணக்கு, ஆகவே அங்குள்ள நண்பர்கள் சர்வீஸுக்கு 2028 முடியும்வரை பொறுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் உரிமை மூலத்திலிருந்து தனி. யாருடைய தமிழாக்கத்தை வாசித்தாலும் அதைத் தனியே விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய அமெரிக்க ரேடியோ ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதாலேயே அவற்றை எடுத்து ஒலிபரப்ப உரிமை வந்துவிடாது, துண்டுகூடப் போடவேண்டாம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்துத் தன்னார்வலர்களின் ஆங்கில வாசிப்புகள் பொதுச்சொத்தாகவே வெளியிடப்படுபவை. உங்கள் வாசிப்பாளர்கள் லண்டன் கதையை அங்கே வெவ்வேறு குரல்களில் கேட்டு, எங்கே யார் நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். முதல் ஒத்திகையை அதிலிருந்து தொடங்கலாம்.